சேர்வர் பெட்டியை அடுத்த ஆளுக்காக வாங்குங்கள்

நம் சமூக அமைப்புகள் சேர்வர் வாங்கும் விதம் பிழை. தமிழ்ப் பள்ளி, கோவில், ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். காசு கொடுப்பது பெரியவர்கள் என்பதால் பிழையை அவர்கள் தலையில் போட்டுவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள். எதை வாங்குவது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது நாங்கள்தான். உங்களுக்குப் பதினேழு, பதினெட்டு வயதாகும்போது யாரோ ஒரு மாமா பிடித்துக் கேட்பார்: "தம்பி, நீ உந்தக் கொம்பியூட்டர் எல்லாம் படிக்கிறாய்தானே, எங்கட வீடியோக்களைப் போட்டு வைக்க ஒரு நல்ல சேர்வர் பாத்துச் சொல்லு." தங்கச்சிமாரையும் விடமாட்டார்கள்: "பிள்ளை, நீர்தான் இதைப் பொறுப்பெடுக்க வேணும்." அன்றைக்கு நீங்கள் சொல்லும் பதில் பத்து வருடம் அந்தக் கட்டடத்தில் இருக்கும். நீங்கள் இருக்க மாட்டீர்கள். படிக்க வேறு நகரத்துக்குப் போவீர்கள், பிறகு வேலை, பிறகு கலியாணம்.

இந்த வேலைதான் என் தொழில். என்ன சேர்வர், எவ்வளவு ஸ்டோரேஜ் என்று நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்கிறேன். நிறுவனத்தில் ஒரு டிஸ்க் பழுதானால் அதை மாற்றுவதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆள் இருக்கிறார். சங்கத்தில் அப்படி யாரும் இல்லை. சனிக்கிழமை பின்னேரம் பள்ளி திறக்க வரும் ஒரு அம்மாவோ அப்பாவோதான் இருக்கிறார். ஆகவே நிறுவனத்துக்குச் சரியான பெட்டி சங்கத்துக்கும் சரி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. சங்கத்துக்கு வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: என்னைத் தெரியாத ஒருவர், எனக்கு ஃபோன் பண்ணாமல், இந்தப் பெட்டியைத் திறந்து திருத்த முடியுமா?

நாங்கள் அதைக் கேட்பதில்லை. முன்பக்கத்தில் எத்தனை டிஸ்க் பே இருக்கிறது, எந்த நிறுவனத்தின் பெயர் ஒட்டியிருக்கிறது என்ற இரண்டையும் பார்த்துவிட்டு வாங்குகிறோம். அந்த இரண்டுக்கும் எதிராகத்தான் இந்தப் பதிவு.

முதலில் கணக்குப் பாருங்கள்

24 டிஸ்க் பே உள்ள பெட்டியின் படத்தைப் பார்த்தால் எங்கள் பொடியளுக்கு ஒரு மயக்கம். எனக்கும் அந்த வரிசையாக மின்னும் விளக்குகள் பிடிக்கும். ஆனால் சங்கத்துக்கு உண்மையில் எவ்வளவு இடம் வேண்டும் என்று யாராவது கூட்டிப் பார்த்தீர்களா?

90களின் கடைசியிலிருந்து 2000களின் நடுப்பகுதி வரை கலைவிழா, பரிசளிப்பு விழா, தேர்த் திருவிழா எல்லாம் பெரும்பாலும் மினிடிவி நாடாவில்தான் எடுத்தார்கள். ஒரு மணிநேர மினிடிவி நாடாவைத் தரம் குறையாமல் அப்படியே கணினியில் ஏற்றினால் ஏறத்தாழ 13 கிகாபைட். உங்கள் சங்கத்தில் 500 நாடா இருக்கிறது என்று வைப்போம். அது சின்னத் தொகையில்லை, அலுமாரி நிறைய இருக்கும். 500ஐ 13ஆல் பெருக்கினால் 6.5 டெராபைட். பழைய விஎச்எஸ் நாடாக்கள், புகைப்படங்கள், மலர்கள், வயதானவர்களைப் பேட்டி எடுத்த ஒலிப்பதிவுகள் எல்லாம் சேர்த்து மூன்று மடங்கு ஆகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 20 டெராபைட்.

8 டெராபைட் டிஸ்க் ஆறு போட்டு, அதில் இரண்டு டிஸ்க் அளவு இடத்தைப் பாதுகாப்புக்கு ஒதுக்கினால் (எந்த இரண்டு செத்தாலும் ஒன்றும் போகாது) மிஞ்சுவது 32 டெராபைட். ஆறு டிஸ்க். எட்டு பே உள்ள பெட்டி வாங்கினால் இன்னும் இரண்டு காலியாக இருக்கும். 24 எதற்கு?

"பிறகு தேவைப்படும்" என்பார்கள். பிறகு தேவைப்படும்போது டிஸ்க்கும் பெரிதாகியிருக்கும், ஆறையும் ஒவ்வொன்றாகப் பெரிய டிஸ்க்காக மாற்றலாம். அதுவரை 24 பேயையும் பழைய 2 டெராபைட் டிஸ்க்குகளால் நிரப்பி ஓட்டினால் என்ன ஆகும்? சும்மா சுழலும் ஒரு 3.5 அங்குல டிஸ்க் ஏறத்தாழ 6 வாட் எடுக்கும். 24 டிஸ்க் 144 வாட். வருடத்துக்கு 8,760 மணித்தியாலம். பெருக்கிப் பாருங்கள்: டிஸ்க்குகளுக்கு மட்டும் 1,260 யூனிட்டுக்கு மேல். ஆறு டிஸ்க்குக்கு 315 யூனிட். மின்கட்டணம் கட்டுவது உண்டியல் காசு.

அது மட்டுமில்லை. டிஸ்க் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் 2 அம்பியர் வரை இழுக்கும். 24 டிஸ்க்கும் ஒன்றாகத் தொடங்கினால் 576 வாட், ஒரே நொடியில். ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்க வைக்கும் வசதி இருக்கிறது, ஆனால் அதைச் சரியாக அமைத்துவிட்டுப் போக ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் வேறு நகரத்தில் இருக்கிறார்.

இன்னொரு பொறி. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் 2யூ உயர 24 பே பெட்டிகள் 2.5 அங்குல டிஸ்க்குக்குச் செய்யப்பட்டவை. 2யூ பெட்டியின் முகத்தில் 3.5 அங்குல டிஸ்க் 12தான் கொள்ளும். கொள்ளளவு அதிகமான, விலை குறைந்த டிஸ்க் எல்லாம் 3.5 அங்குலம். அவை அந்த 2.5 அங்குலப் பேக்குள் போகவே போகாது. எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்கிவிட்டுப் பிறகு டிஸ்க் தேடுபவருக்கு இது அப்போதுதான் தெரியவரும்.

ஹாட் ஸ்வாப் எதற்கு என்று தெரிந்து வாங்குங்கள்

மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்கைக் கழற்றி வேறொன்றைச் செருகுவதுதான் ஹாட் ஸ்வாப். சாட்டா, எஸ்ஏஎஸ் இணைப்புகளில் எல்லா ஊசிகளும் ஒரே நீளம் இல்லை. தரைக்கம்பி ஊசிகள் கொஞ்சம் நீளம், அதனால் அவை முதலில் தொடும், மின்சாரம் பிறகு வரும். அதனால்தான் ஓடும் மெஷினில் செருகினாலும் பொறி பறக்காது. நல்ல பொறியியல். அதில் எனக்குக் குறை இல்லை.

என் குறை, இதைப் "பாதுகாப்பு" என்று விற்பதில். ஹாட் ஸ்வாப் உங்கள் தரவைப் பாதுகாக்காது. அது மெஷினை நிறுத்தாமல் வேலை செய்ய விடும், அவ்வளவுதான். 8 டெராபைட் டிஸ்க் ஒன்றைப் புதிதாகப் போட்டால், நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் எழுதினாலும் அது நிரம்ப 11 மணித்தியாலம். மெஷினை நிறுத்தி, டிஸ்க்கை மாற்றி, திரும்பப் போட 10 நிமிடம். 11 மணித்தியால வேலையில் அந்த 10 நிமிடத்தை மிச்சம் பிடிக்கத்தானா மேலதிகக் காசு? வங்கிக்கு அந்த 10 நிமிடம் பெரிது. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு?

டிஸ்க் வைத்தே பிழைக்கும் ஒரு நிறுவனத்தைப் பாருங்கள். பேக்கப் சேவை விற்கும் பேக்பிளேஸ் 2009ல் தங்கள் ஸ்டோரேஜ் பெட்டியின் வடிவமைப்பை எல்லோருக்கும் வெளியிட்டது. 4யூ உயரம், 45 டிஸ்க், அன்றைய 67 டெராபைட், செலவு 7,867 அமெரிக்க டொலர். முன்பக்கத்தில் இழுக்கும் ட்ரே ஒன்றும் இல்லை. டிஸ்க்குகள் உள்ளே நட்டுக்கு நின்றன. ஒன்று செத்தால் பெட்டியை வெளியே இழுத்து, நிறுத்தி, மூடியைத் திறந்து மாற்றினார்கள். பிறகு ஒரே கோப்பை 20 துண்டாக்கி 20 பெட்டிகளில் பரப்பினார்கள். அதில் எந்த 17 துண்டு இருந்தாலும் கோப்பு திரும்ப வரும். அவர்களின் பாதுகாப்பு ட்ரேயில் இல்லை, பல பெட்டிகளில் பரப்பியதில் இருந்தது.

ரெய்ட் என்ற சொல்லின் கதையும் இதுதான். 1988ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையில் அதன் நடு எழுத்துக்குப் பொருள் "மலிவான" டிஸ்க்குகள். பிறகு விற்பனைக்கு வந்தபோது அதே எழுத்து "தனித்தியங்கும்" டிஸ்க்குகள் என்று மாறிவிட்டது. மலிவு என்ற சொல்லை வைத்துக்கொண்டு விலையுயர்ந்த பெட்டி விற்க முடியாது அல்லவா?

அப்படியென்றால் ஹாட் ஸ்வாப் வேண்டாமா? வேண்டும். சங்கத்துக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் காரணம் வேறு. டிஸ்க்கை மாற்றப்போகிறவர் பெட்டியைத் திறக்கப் பயப்படுவார். திறந்தால் பக்கத்து டிஸ்க்கின் கேபிள் ஆடிக் கழன்றுவிடும், எந்தக் கேபிள் எதற்கு என்று தெரியாது. முன்பக்கத்தில் ட்ரே இருந்தால், "சிவப்பு விளக்கு எரியிற ட்ரேயை இழுங்கோ அன்ரி, புதுசை வையுங்கோ" என்று சொன்னாலே போதும். மெஷினை நிறுத்திவிட்டே செய்தாலும் சரி. ஹாட் ஸ்வாப் பேயின் உண்மையான மதிப்பு, பழக்கமில்லாத கைக்கும் அந்த வேலையைக் கொடுக்கலாம் என்பதுதான்.

அதனால்தான் பே எண்ணிக்கையைவிட அந்த விளக்கு முக்கியம். வாங்கும்போது கேளுங்கள்: ஒவ்வொரு பேக்கும் தனியாகப் பழுது விளக்கு இருக்கிறதா? அதை லினக்ஸிலிருந்து எரிய வைக்க முடியுமா? டிஸ்க் செத்து இழந்த தரவைவிட, செத்த டிஸ்க் என்று நினைத்து நல்ல டிஸ்க்கை இழுத்து இழக்கும் தரவு எனக்கு அதிகம் பயம் தருகிறது. விளக்கு இல்லாத பெட்டி என்றால் ஒவ்வொரு ட்ரேயின் முகத்திலும் டிஸ்க்கின் தொடர் இலக்கத்தின் கடைசி நாலு எழுத்தை எழுதி ஒட்டுங்கள். செலவு ஒரு மார்க்கர் பேனை.

பெயர்ப் பலகைக்குக் காசு கொடுக்காதீர்கள்

"பழைய பெரிய நிறுவனச் சேர்வர் வாங்கினால் மலிவு, உறுதி" என்று ஒரு கட்சி இருக்கிறது. உறுதி என்பது உண்மை. நல்ல தகடு, இரட்டை பவர் சப்ளை, ஒழுங்கான காற்றோட்டம். மலிவு என்பதும் வாங்கும் அன்றைக்கு உண்மை.

இனி ஐந்தாவது வருடத்தைப் பாருங்கள். அந்தப் பெட்டியின் மதர்போர்ட் அந்தப் பெட்டிக்கு மட்டும் வெட்டியது. பவர் சப்ளை அந்த வாய்க்குள் மட்டும் போகும். ட்ரே அந்தத் தலைமுறைக்கு மட்டும் பொருந்தும். விசிறியின் பிளக்கூட வேறு மாதிரி. மதர்போர்ட் செத்தால் அதே மாடலைத் தேட வேண்டும், அல்லது நல்ல தகட்டை எல்லாம் குப்பையில் போட வேண்டும். உங்களுக்குத் தேடத் தெரியும். உங்களுக்குப் பிறகு வருபவர் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவார்?

எதிர்ப்பக்கம் ஏடிஎக்ஸ் என்ற அளவு இருக்கிறது. இன்டெல் 1995ல் கொண்டுவந்தது. அந்த அளவுக்குச் செய்த பெட்டிக்குள் இன்றைக்குக் கடையில் கிடைக்கும் மதர்போர்டும் போகும், சாதாரணக் கணினியின் பவர் சப்ளையும் போகும். றாக்கின் 19 அங்குல அகலம் தொலைபேசி நிலையங்களின் காலத்திலிருந்து வருகிறது. ஒரு யூ என்றால் 1.75 அங்குலம், 44.45 மில்லிமீட்டர். இந்த அளவுகளை எந்தத் தனி நிறுவனமும் நினைத்த நேரம் மாற்ற முடியாது. சேர்வரில் டிஸ்க், மதர்போர்ட், பவர் சப்ளை, விசிறி எல்லாம் மாறும். மாறாமல் இருக்கக்கூடிய ஒரே பாகம் பெட்டி. அந்தப் பெட்டியைப் போய் ஒரே நிறுவனத்தின் பூட்டுக்குள் வைப்பது என்ன புத்தி?

பூட்டு என்று சும்மா பயம் காட்டவில்லை. வீட்டுக்கும் சிறு அலுவலகத்துக்கும் ஸ்டோரேஜ் பெட்டி விற்கும் சைனாலஜி, 2025 ஏப்ரலில், தன் புதிய பிளஸ் வரிசைப் பெட்டிகளின் முழு வசதியும் வேண்டுமென்றால் தன் பெயர் போட்ட அல்லது தான் சான்று கொடுத்த டிஸ்க்கைத்தான் போட வேண்டும் என்று அறிவித்தது. வாடிக்கையாளர்கள் சத்தம் போட்டார்கள். அதே வருடம் ஒக்டோபரில் மென்பொருளை மாற்றிப் பின்வாங்கியது. நல்லது. ஆனால் பெட்டியை வாங்கியவரின் கையில் இல்லாத ஒரு சுவிட்ச் எங்கோ இருக்கிறது என்பது அந்த ஆறு மாதத்தில் தெரிந்துவிட்டது.

நான் சிபாரிசு செய்வது இதை: சாதாரண ஏடிஎக்ஸ் அளவு, 3யூ அல்லது 4யூ உயரம், முன்பக்கத்தில் 8 முதல் 12 பே. இன்னும் நல்லது, முன்பக்கம் 5.25 அங்குல இடங்களாகத் திறந்திருக்கும் பெட்டி. அந்த மூன்று இடத்துக்குள் 3.5 அங்குல டிஸ்க் நாலோ ஐந்தோ கொள்ளும் ஹாட் ஸ்வாப் கூடு தனியாக வாங்கிச் செருகலாம். கூடு பழுதானால் கூட்டை மட்டும் மாற்றலாம், பெட்டி அப்படியே இருக்கும். எதை வாங்கினாலும் வாங்கும் அன்றே இரண்டு ட்ரே மேலதிகமாக வாங்கி அதே அறையில் வையுங்கள். ட்ரே உற்பத்தி நின்ற பிறகு அதன் விலை என்னவாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

டிஸ்க்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது

ட்ரேயை உள்ளே தள்ளினால் அது போய் முட்டும் பலகைக்குப் பெயர் பேக்பிளேன். விற்பனைப் படத்தில் அதைக் காட்டமாட்டார்கள். ஆனால் பெட்டியின் உயிர் அதுதான்.

எஸ்ஏஎஸ் பேக்பிளேன் என்றால் எஸ்ஏஎஸ் டிஸ்க்கும் போகும், சாட்டா டிஸ்க்கும் போகும். சாட்டா பேக்பிளேன் என்றால் சாட்டா மட்டும்தான். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனி வழி கொடுக்கும் பேக்பிளேன் ஒரு வகை. ஒரு கேபிளை உள்ளே எடுத்துத் தானே பிரித்துக் கொடுக்கும் எக்ஸ்பாண்டர் உள்ளது இன்னொரு வகை. "எக்ஸ்பாண்டர் வேகத்தைக் குறைக்கும்" என்று சண்டை பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். 12 கிகாபிட் தலைமுறையில் நாலு வழிக் கேபிள் ஒன்றில் நொடிக்கு ஏறத்தாழ 4.8 கிகாபைட் போகும். உங்கள் சங்கத்தின் நெட்வேர்க் 1 கிகாபிட் என்றால் நொடிக்கு 125 மெகாபைட்டைக் கூட வெளியே கொடுக்காது. குழாய் வாய் இவ்வளவு சின்னதாக இருக்கும்போது தொட்டிக்குள் எந்த அகலக் குழாய் என்று சண்டை எதற்கு?

நான் தனி வழி வகையைச் சொல்வதற்குக் காரணம் வேகம் இல்லை. அதில் பழுதாக ஒரு சில்லு குறைவு. கேபிளைப் பிடித்துக்கொண்டே எந்த டிஸ்க் எங்கே போகிறது என்று ஒரு புதியவர் கண்டுபிடிக்கலாம். கேபிள் வாயும் பொது அளவில் இருக்கட்டும்: எஸ்எஃப்எஃப் 8087 அல்லது 8643. இரண்டும் தாராளமாகக் கிடைக்கும்.

அந்தக் கேபிள் போய்ச் சேரும் அட்டை விஷயத்திலும் இதே விதிதான். டிஸ்க்குகளைத் தன் சொந்த முறையில் கட்டி வைக்கும் ரெய்ட் அட்டை வேண்டாம். அது செத்தால் அதே குடும்பத்து அட்டையைத் தேடி அலைய வேண்டும். டிஸ்க்கை அப்படியே லினக்ஸுக்குக் காட்டும் எச்பிஏ அட்டை போதும். டிஸ்க்குகளைச் சேர்க்கும் வேலையை மென்பொருள் செய்யட்டும். நாளை பெட்டியே போனாலும் ஆறு டிஸ்க்கையும் கொண்டுபோய் வேறு எந்த லினக்ஸ் மெஷினில் செருகினாலும் திறக்கலாம்.

சத்தமும் ஆழமும்

சங்கத்துக்கு டேட்டா சென்டர் இல்லை. பேஸ்மென்ட் இருக்கிறது, இல்லாவிட்டால் வகுப்பறை ஓரத்து அலுமாரி. 1யூ பெட்டிக்குள் 40 மில்லிமீட்டர் விசிறிதான் போகும். அவ்வளவு சின்ன விசிறி போதிய காற்றைத் தள்ள நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் சுழல வேண்டிவரும். பக்கத்து அறையில் ஆத்திசூடி சொல்லிக் கொடுக்க முடியாது. பிறகு என்ன நடக்கும்? யாரோ ஒரு ஆசிரியர் பொறுக்க முடியாமல் பிளக்கைக் கழற்றுவார். அவரில் பிழையில்லை. 2யூவில் 80, 4யூவில் 120 மில்லிமீட்டர் விசிறி போகும். பெரிய விசிறி மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தரும். றாக்கில் இடம் மிச்சம் பிடிப்பது வாடகைக்கு யூ கணக்கில் காசு கொடுப்பவரின் கவலை. உங்களுக்கு 4யூ எடுத்தால் என்ன குறைந்துவிடும்?

சத்தத்தில் காது மட்டும் பாதிக்கப்படுவதில்லை. 2008 கடைசியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் வேலை செய்த பிரெண்டன் கிரெக், ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் அடுக்கின் முன் நின்று பலமாகக் கத்துவார், திரையில் டிஸ்க்குகள் தாமதிப்பது உடனே தெரியும். அந்த வீடியோவை யூடியூபில் தேடிப் பாருங்கள், சிரிப்பும் வரும். அதிர்வு டிஸ்க்குக்கு ஆகாது. மெல்லிய தகட்டில் ஆடும் ட்ரே உள்ள பெட்டியை வாங்கும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்மாடியில் தவில் அடிக்கும் கோவில் என்றால் இரண்டு தரம் நினையுங்கள்.

கடைசியாக ஆழம். முழு நீளச் சேர்வர் பெட்டி 650 முதல் 750 மில்லிமீட்டர் வரை போகும். சுவரில் மாட்டும் நெட்வேர்க் அலுமாரி பெரும்பாலும் 600க்குள். நாடாவால் அளந்துவிட்டு வாங்குங்கள். கேபிள் மடியப் பின்னால் இன்னும் ஒரு சாண் விடுங்கள். காலியான பேக்களையும் வெற்று ட்ரே போட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் காற்று சுலபமான வழியால் போய்விடும், டிஸ்க் சூடாகும்.

மிச்சக் காசை எங்கே போடுவது

24 பே வேண்டாம், பெயர்ப் பலகை வேண்டாம் என்று சொன்னால் காசு மிஞ்சும். அதில் இரண்டாவது பெட்டி வாங்குங்கள். அதை வேறு கட்டடத்தில் வையுங்கள். நான் இவ்வளவு நேரம் சண்டை பிடித்ததும் இதற்காகத்தான்.

இதை மற்றவர்களுக்கு விளங்கப்படுத்த நேரம் எடுக்கும். எங்களுக்கு எடுக்கக்கூடாது. 1981 மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. ஓலைச்சுவடிகளும் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவையும் அவற்றுக்குள் இருந்தன. அந்தக் கதையை வருடாவருடம் மேடையில் சொல்லும் அதே சங்கம், தன் முப்பது வருடப் பதிவுகளை ஒரே கட்டடத்தில், ஒரே பெட்டியில், ஒரே பிரதியாக வைத்திருக்கலாமா? இங்கே யாரும் வந்து எரிக்க வேண்டியதில்லை. 2013 ஜூலை 8, 2024 ஜூலை 16, இந்த இரண்டு நாளும் ரொறொன்ரோவில் பெய்த மழையும் பேஸ்மென்ட்களில் ஏறிய வெள்ளமும் நினைவிருக்கிறதா? தண்ணீருக்கு ஹாட் ஸ்வாப் பேயும் சாதாரணப் பேயும் ஒன்றுதான்.

"எல்லாவற்றையும் கிளவுட்டில் போட்டால் முடிந்ததுதானே" என்று உங்களில் சிலர் இப்போதே கேட்கிறீர்கள். மூன்றாவது பிரதியாகப் போடுங்கள், நல்லது. ஆனால் அந்தக் கணக்கு யாருடைய ஈமெயிலில் இருக்கிறது? மாதக் காசு யாருடைய கார்டில் போகிறது? செயற்குழு மாறும், கார்டு காலாவதியாகும், எச்சரிக்கை ஈமெயில் யாரும் திறக்காத பெட்டிக்கு வரும். சில மாதத்தில் கணக்கு மூடப்படும். அலுமாரிக்குள் இருக்கும் சேர்வரை யாரும் ஒரு தவணை கட்ட மறந்ததற்காக அழிக்கமாட்டார்கள்.

ஆகவே அடுத்த கூட்டத்தில் மாமாவோ அன்ரியோ உங்களிடம் கேட்கும்போது விலைப்பட்டியலோடு போகாதீர்கள். முதலில் நாடாக்களை எண்ணி எத்தனை டெராபைட் என்று சொல்லுங்கள். ஒரே பெரிய பெட்டிக்குப் பதிலாக இரண்டு சின்னப் பெட்டி கேளுங்கள். ஏடிஎக்ஸ் அளவு, எட்டு பே, பழுது விளக்கு, பெரிய விசிறி, மேலதிக ட்ரே இரண்டு, தயாராக ஒரு டிஸ்க். "இது கொஞ்சம் சின்னதாத் தெரியுதே தம்பி" என்பார்கள். சொல்லட்டும்.

பெட்டி வந்த அன்று மூடியின் உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள். எந்தப் பேயில் எந்தத் தொடர் இலக்கம், என்ன மென்பொருள், கடவுச்சொல் உறை யாரிடம் இருக்கிறது, இரண்டாவது பெட்டி எந்தக் கட்டடத்தில், சிவப்பு விளக்கு எரிந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும். தமிழிலும் எழுதுங்கள், ஆங்கிலத்திலும் எழுதுங்கள். பிறகு செயற்குழுவில் கணினி தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு, அந்தத் தாளை மட்டும் பார்த்து ஒரு டிஸ்க்கை மாற்றச் சொல்லுங்கள். அவர் மாற்றிவிட்டால் நீங்கள் நல்ல பெட்டி வாங்கியிருக்கிறீர்கள்.